நானூற்றைம்பது ரூபாய் வடக்கு

"வாஸ்துவுக்கா?" என்றார் நூருல்லா பாய்.
ஈவ்னிங் பஜாரில் திசைகாட்டி கேட்டு வருகிறவர்கள்
எல்லோருக்கும் சமையலறை தென்கிழக்கில் வேண்டுமாம்.
இல்லை பாய், புதையல் தேட, என்றேன்.
என்னை மேலும் கீழும் பார்த்தார்,
கழுத்தில் தொங்கிய ரத்தப் பரிசோதனை நிலைய அட்டையையும்.
தங்கம் இல்லை,
யாரோ ஒளித்துவைத்த மாத்திரை டப்பா,
உள்ளே ஒரு நோட்டு, கண்டெடுத்தவர் பெயரெழுதப் பென்சில்,
என் ஞாயிற்றுக்கிழமைக்கு அது போதும் என்று
விளக்க வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

செல்போன் இருக்கிறதே என்பார்கள்.
இருக்கிறது.
தெருமுனையிலேயே இறக்கிவிட்டு
மீட்டருக்கு மேல் கேட்கும் ஆட்டோபோல
முப்பதடி முன்னால் கைகழுவிவிடும்.
வெயிலேறினால் அணைந்தும் போகும்.
குறிப்புச் சீட்டோ
'இங்கிருந்து 230 டிகிரி, நாற்பது தப்படி' என்கிறது.

கண்ணாடி மேசைமேல் மூன்றை வைத்தார்.
சாவிக்கொத்தில் தொங்கும் பொத்தான், அறுபது ரூபாய்.
கப்பல் பொறித்த பித்தளை மூடி, ஆயிரத்து இருநூறு,
"கிஃப்ட் கொடுக்கலாம்."
அடிமட்டம் மாதிரி ஒரு பிளாஸ்டிக் தட்டு,
எண்ணெயில் மிதக்கும் சிவப்பு ஊசி, நானூற்றைம்பது.
பர்ஸில் ஐந்நூறு,
அதில் பறக்கும் ரயிலுக்குப் பத்து.

மூன்று ஊசிக்கும் மூன்று வடக்கு.
ஒன்றுக்கு சென்ட்ரல், ஒன்றுக்கு பாயின் வயிறு,
பித்தளை மட்டும் எப்படித் திருப்பினாலும் என்னையே.
"மேசைக்கு இரும்புக் கால், தலைக்கு மேல ஷட்டர்.
கடைக்குள்ள வடக்கு கிடையாதும்மா,
தெருவுக்கு வா."

ஸ்கூட்டர்கள் ஒதுங்க, தள்ளுவண்டிக்காரர் திட்ட,
பிரசாதம் வாங்குகிறவர்கள் போல
உள்ளங்கையை மட்டமாகப் பிடித்து நடுத்தெருவில் நின்றோம்.
தட்டின் ஊசி ஆடி, ஆடி, நின்றது.
கத்தரிக்கோலைக் காட்டிக் கலைத்தார்.
திரும்ப அதே இடம்.
மறுபடி கலைத்தார்.
அதே இடம்.
வாராத வாழ்வு வந்தாலும் வடக்கே தலைவைக்காதே என்று
இதற்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.
"வால் தாழ்ந்து அடியில உரசுதா பாரு.
குளிர்தேசத்துக்குச் செஞ்சது நம்ம ஊர்ல மாட்டிக்கும்."
உரசவில்லை. எண்ணெயில் குமிழியும் இல்லை.
ஐம்பது குறைக்கச் சொல்லியிருக்கலாம் என்று
மயிலாப்பூர் தாண்டிய பிறகுதான் தோன்றியது.

இந்த ஊரில் பிறந்தவளுக்கு
பீச் பக்கம் என்று ஒரு பக்கம்,
மிச்சமெல்லாம் அதற்கு எதிர்ப்பக்கம்.
இருபத்தொன்பது வருஷம் அப்படியே ஓட்டிவிட்டேன்.

ஞாயிறு விடிகாலை, ஊரூர் குப்பம் தாண்டி
உடைந்த பாலத்தடியில் நானும் பெனடிக்டாவும்.
தூணை ஒட்டி நின்றதும் ஊசி
உள்ளிருக்கும் கம்பிகளிடம் மயங்கிவிட்டது.
பத்தடி விலகினேன், தெளிந்தது.
230.
முப்பத்தொன்றாம் தப்படியில் காயும் வலை.
முப்பத்தாறில் ஒரு நாய், எழவில்லை,
சுற்றிக்கொண்டு போனோம், எண்ணிக்கை போயிற்று.
பெனடிக்டா எதுவும் பேசாமல் திரும்பி நடந்து
ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

கல்லுக்கடியில் டப்பா.
நோட்டில் எங்களுக்கு முன்னால் ஏழு பெயர்.
ஒரு பஸ் டிக்கெட், ஒரு சோழி,
அப்புறம், அதே அறுபது ரூபாய்ப் பொத்தான்.
அதைச் சுற்றி ஒரு துண்டுச்சீட்டு:
'இது தெற்கைக் காட்டும்.'
கைக்கு ஒன்றாக அகட்டிப் பிடித்துப் பார்த்தேன்.
என்னுடையது வடக்கே போக, அது நேரெதிரே,
கொஞ்சமும் தயங்காமல்.
மூன்று முறை சுழற்றினேன்,
மூன்று முறையும் அதே தவறு.

ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும், அதுதான் விதி.
என் ஹேர்கிளிப்பை வைத்தேன்.
தினமும் ஒரே பொய்யைச் சொல்கிறவரோடு
எப்படியோ வாழ்ந்துவிடலாம்.

பெயரெழுதப் பார்த்தால் பென்சிலுக்கு முனை இல்லை.
பெனடிக்டா அதைப் பல்லால் கடித்துச் சீவிக்கொண்டிருந்தாள்,
கடலுக்கு முதுகைக் காட்டி,
அதாவது,
மேற்கே பார்த்து.